பாலத்தில் என்ன ஆச்சு?

"தம்பி, நஸ்ருல்லா பேசுறேன். அந்தப் பாலத்துல கடைசியில என்னதான் ஆச்சு?" என்று டீக்கடைக்காரர் கேட்டு வாய் மூடுவதற்குள், அனுசுயா பாய்ந்து வந்து பெரியப்பா மகன் பிரவீன்ராஜ் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"டவர் போயிருச்சு பாய்."

டவர் எங்கும் போகவில்லை. போனுக்குள் அவளுடைய அண்ணன் வளவன், தலையில் நீலத் தொப்பியும் அழுது வீங்கிய கண்ணுமாக, "யாரு கேக்குறது? எந்தப் பாலம்?" என்று கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் போனை முந்தானைக்குள் அமுக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினாள். வாசலில் அப்பா ராசப்பன் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். எவ்வளவு இழுத்துக் கட்டியும் வாய் லேசாகத் திறந்தே இருந்தது. பேச்சைப் பாதியில் விட்டுப் போன மனுஷன் அல்லவா!

வளவன் பட்டாளத்தில் இருக்கிறான். போன வருஷம் ஐ.நா. அமைதிப்படையோடு தென் சூடானுக்குப் போனான். போனவனுக்கு அங்கே கால்நடைப் பிரிவில் வேலை. அந்த ஊர் ஜனங்களுக்கு மாடுதான் சொத்து. காலையிலேயே முகாம் வாசலில் நீளநீளக் கொம்புகளோடு மாடுகள் வந்து நின்றுவிடும். ஊசி போடுவான், புண்ணுக்கு மருந்து வைப்பான், கன்று திரும்பிக்கொண்டால் கையை விட்டு எடுப்பான். மற்ற நேரத்தில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பான், கொசுவலைக்குக் கிழிசல் தைப்பான், சாயங்காலம் நேபாளத்துச் சிப்பாய்களோடு வாலிபால் ஆடித் தோற்பான். துப்பாக்கியைத் துடைத்து வைத்ததோடு சரி.

இதையெல்லாம் அவன் தினமும் அப்பாவிடம் ஒன்று விடாமல் சொல்வான். ராசப்பன் அதை அப்படியே பாலக்கரை டீக்கடையில் சொல்வாரா? சொன்னால் அவர் ராசப்பன் இல்லையே! தண்ணீர் லாரி சேற்றில் மாட்டியது என்று மகன் சொன்னால், கடைப் பெஞ்சில் அது பீரங்கி வண்டியை எதிரிகள் வளைத்ததாக ஆகிவிடும். வாலிபால் ஆட்டம் நேபாளப் படையோடு சேர்ந்து நடத்திய முற்றுகை ஆகும். மாட்டுக்குப் போட்ட மயக்க ஊசி இருக்கிறதே, அது முதலைக்குப் போய்ச் சேரும்.

நேற்றுக் காலையும் அப்படித்தான். "பாலத்துக்கு அந்தப் பக்கம் இருபது பேரு. இந்தப் பக்கம் என் மவன் ஒத்தை ஆளு. பாலமோ ஆடுது. அப்ப அவன் என்ன பண்ணினான்..." என்று நிறுத்தி ஒரு வாய் டீ குடித்தார். முக்கியமான இடத்தில் அவர் அப்படி நிறுத்துவது வழக்கம்தான். பெஞ்சிலிருந்தவர்கள் காத்திருந்தார்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காத்திருந்தார்கள். அப்புறம்தான் நஸ்ருல்லா வந்து அவர் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

கொல்லையில், துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அனுசுயா அண்ணனுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அவளுக்கே இதெல்லாம் போன பொங்கலுக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தபோதுதான், கடைப் பக்கம் பால் வாங்கப் போய்க் காதில் விழுந்திருந்தது.

"முதலையா? நான் பார்த்ததே இல்லையே அனு."

"ரெண்டு புடிச்சிருக்கே."

"அப்ப பாலம்?"

"அதை நீதான் சொல்லணும்."

"பலகைப் பாலம் அது. சந்துல ஒரு பசு காலை விட்டுக்கிச்சு, நிறைமாசம். நான் போய்க் காலை எடுத்துவிட்டேன். அங்கேயே கன்னு போட்டுச்சு."

"இருபது பேரு?"

"மாட்டுக்காரங்க. வேடிக்கை பார்த்தாங்க."

அனுசுயாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அண்ணே, அவங்க கேட்டா ஜெயிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. போதும்."

"பொய் சொல்ல எனக்கு வராது அனு."

அதுவும் உண்மைதான். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று வாத்தியார் கேட்பதற்கு முன்பே எழுந்து நின்று சொல்லி அடி வாங்கியவன் அவன். இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு பிள்ளை எப்படிப் பிறந்தது என்று அம்மா சாகும்வரை அதிசயப்பட்டாள்.

ஆனால் அனுசுயாவின் கவலை வேறு. கண்டக்டர் வேலையில் காலமெல்லாம் ஏச்சும் பேச்சும் வாங்கியவர் அப்பா. வீட்டிலும் அவர் பேச்சுக்கு யாரும் காது கொடுத்ததில்லை. அவர் ராஜாவாக உட்கார்ந்த ஒரே இடம் அந்தப் பெஞ்சுதான். மூச்சு நின்ற மறுநாளே, "அட, அத்தனையும் புளுகா!" என்று ஊர் சிரித்துவிட்டால்? செத்தவரால் எழுந்து வந்து சமாளிக்கவா முடியும்?

"அப்ப நீ யாரு கிட்டயும் பேசாதே. போன் என் கையை விட்டுப் போகாது," என்றாள்.

"வாய்க்கரிசிக்கு மட்டும் கூப்பிட்டு விடு. மெஸ்ஸுல அரிசி வாங்கி வச்சிருக்கேன். நீங்க போடும்போது நானும் போடுறேன். மழையில ஓடுபாதை சேறாயிருச்சு, அடுத்த வாரம் வரைக்கும் பிளேன் இல்லைங்கறாங்க..." பின்னால் ஒரு மாடு கத்தியது.

ஊர்வலம் கிளம்பும்போது பெரியப்பா குறுக்கே வந்து நின்றார். "நீ எங்க? பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்ற வழக்கம் இல்ல."

"நான் வரலை பெரியப்பா. போன் வருது. அதைத் தூக்கிக்கிட்டு வரேன்."

பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் அவள் வண்டியில் ஏறிவிட்டாள்.

ஓயாமரி சுடுகாட்டில் வெயில் சாய்ந்திருந்தது. வளவனுக்குப் பதிலாகக் கொள்ளி வைக்க வேண்டிய பிரவீன்ராஜ், இதற்கு முன் சுடுகாட்டு வாசலைக்கூட மிதிக்காதவன், குடத்தைத் தோளில் வைத்து இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தான். அனுசுயா போனை உயர்த்திப் பிடித்தாள். அங்கே வளவன் மாட்டுக் கொட்டகைப் பக்கம் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். தொப்பிக்குள் அரிசி.

ஒவ்வொருவராகக் குனிந்து ராசப்பனின் வாயில் அரிசி போட்டார்கள். நஸ்ருல்லாவும் ஒரு பிடி போட்டார். போட்டவர் நகராமல் போனைப் பார்த்துத் திரும்பினார். அவருக்குப் பின்னால் டீக்கடை பெஞ்சு முழுவதும் நின்றது. அனுசுயா போனை மறைப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"தம்பி, மன்னிச்சுக்கங்க. அண்ணன் அந்தக் கதையைப் பாதியில விட்டுட்டாரு. பாலத்துல என்ன ஆச்சு?"

அனுசுயா கண்ணாலேயே கெஞ்சினாள். வளவன் அவளைப் பார்த்தான். பிறகு அவளைத் தாண்டி, அரிசி நிறைந்து திறந்தபடி இருந்த அந்த வாயைப் பார்த்தான்.

"பாலம் ஆடுச்சு," என்றான். "இருபது பேரு. நான் ஒத்தை ஆளு." முதல் பொய் என்பதால் காது இரண்டும் சிவந்துவிட்டன. "நான்... நான் போனேன். போயி... எல்லாரும் சரணடைஞ்சிட்டாங்க."

"சபாஷ்," என்றார் நஸ்ருல்லா.

சரியாக அந்த நேரம் பார்த்து, போனில் வளவனுக்குப் பக்கத்திலிருந்து ஒரு இளங்கன்று அடிவயிற்றிலிருந்து கத்தியது. சுடுகாடு முழுவதும் கேட்டது. அனுசுயா கண்ணை மூடிக்கொண்டாள். தொலைந்தது மானம்!

"அது யாரு தம்பி?"

வளவன் திரும்பிப் பார்த்தான். "கைதி," என்றான்.

பெஞ்சில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நஸ்ருல்லா கைகளைக் கட்டிக்கொண்டு, வெகு மரியாதையாகக் கேட்டார். "கைதிக்குச் சாப்பாடு போட்டீங்களா?"

"இனிமேதான்."

"போட்டுருங்க. அதான் முறை." அவர் ராசப்பன் பக்கம் குனிந்து, "பாலத்தைப் புடிச்சாச்சுண்ணே," என்று காதோடு சொன்னார்.

சிதையை அடுக்கினார்கள். குடம் உடைந்தது. அனுசுயா மெதுவாக நஸ்ருல்லா பக்கம் வந்தாள். "பாய், உங்களுக்கு..."

"அப்பாவுக்குக் காது மந்தம்லம்மா. நம்ம கடை பெஞ்சுல உக்காந்து ஸ்பீக்கர் போட்டுத்தானே தம்பிகிட்ட தெனம் பேசுவாரு. அந்தப் பசுவுக்குக் கால் எப்படி மாட்டுச்சுங்கறது வரைக்கும் எங்களுக்குத் தெரியும்."

"அப்புறம் எதுக்கு பாய், தினமும் உக்காந்து அவர் சொன்னதைக் கேட்டீங்க?"

"போனை வச்சுட்டு அவரு திரும்பி ஆரம்பிப்பாரு பாரு..." நஸ்ருல்லா தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "நாளைக்குக் கடையைத் திறந்து என்னம்மா பண்ணப் போறேன்?"

நெருப்பு பிடித்துக்கொண்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்துக் கோபுரம் புகையில் மறைந்து மறைந்து தெரிந்தது. அண்ணனுக்குத் தெரியட்டும் என்று அனுசுயா போனைச் சிதைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வளவன் தொப்பியிலிருந்த அரிசியில் ஒரு பிடி அள்ளினான். எங்கே போடுவது என்று தெரியாமல் கையை நீட்டியபடியே இருந்தான். கன்று வந்து முகர்ந்து பார்த்தது. பிறகு அவன் கையை நக்கத் தொடங்கியது. அவன் விரல்களை மெல்ல விரித்துக் கொடுத்தான்.