தரை ஓய்வெடுக்கிறது

"சாவியைக் குடுங்க, மர்ட்டி."

கேட்டே விட்டேன். ஓட்டல் விருந்துக் கூடத்தின் வாசலில் நின்று, வருகிறவர்கள் கையையெல்லாம் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார் எங்கள் கிளப் தலைவர் மர்ட்டி கில்பிரைட். என் கையும் அப்போது அவர் கைக்குள்தான் இருந்தது. அதை விடாமலே சிரித்தார்.

"இன்னும் சூப்பே வரல. அதுக்குள்ள சாவியா?"

"பெரிய மைதானத்துச் சாவி. நாளைக்குள்ள நாங்க பதில் சொல்லியாகணும்."

"தரை ஓய்வெடுக்குது கண்ணு. இந்தக் குளிர்ல மிதிச்சா வேர் செத்துப்போயிடும். பாக்கலாம், பாக்கலாம். உள்ள போ. பீஃப் நல்லா வந்திருக்காம்."

எங்கள் ஊரில் 'பாக்கலாம்' என்றால் முடியாது. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவளுக்கும் தெரியும்.

அந்தச் சாவியை மட்டும் கேட்காதே என்பது அம்மா எனக்குப் போட்டிருந்த கட்டளை. "மர்ட்டி ஒருதடவ இல்லேன்னு சொல்லிட்டா சாகுற வரைக்கும் இல்லதான். கேக்காம இருந்தா அவரா மனசு மாறலாம்" என்பாள். கேட்காமல் இருந்து இருந்து ஒரு தலைமுறைப் பெண்கள் ஆடி ஓய்ந்துவிட்டார்கள். அவர் மனசும் அந்தத் தரையோடு சேர்ந்து ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் கிளப் கிளூன்மோரா. ஆடுவது கேலிக் (Gaelic) கால்பந்து, அயர்லாந்தின் சொந்த ஆட்டம். இலையுதிர் காலத்தில் எங்கள் பெண்கள் அணி மாவட்டக் கோப்பையை வென்றது. கேப்டன் நான். வென்றதால் மேல் பிரிவுக்குப் போகிறோம். மேல் பிரிவில் ஆட முழு அளவு மைதானம் ஒன்றை எங்கள் சொந்த மைதானம் என்று நாளைக்குள் மாவட்டச் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பழைய இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். நாங்கள் ஆடுவது ஆற்றோரத்துக் கீழ் வயலில். அது நீளம் போதாது, ஒரு பக்கம் சரிவு, மழை வந்தால் பாதி ஆறு. பெரிய மைதானமோ பூட்டிய கேட்டுக்குப் பின்னால், ஆண்கள் ஆடும் நாளுக்காகக் காத்திருக்கிறது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கால்வே நகரத்துக் கல்லூரியில் போய் மண்ணைப் பற்றித்தான் படித்தேன். ஆண் கால், பெண் கால் என்று பார்த்துச் சாகிற வேரை எந்தப் பாடத்திலும் காணவில்லை.

கேட்காமலே கொடுக்க ஒரு இடம் இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், எங்கள் பரம எதிரி கிளப், டிரம்ரீவா. அவர்கள் தங்கள் மைதானத்தைத் தருகிறோம் என்று தாங்களாகவே சொல்லியனுப்பியிருந்தார்கள். ஆனால் டிரம்ரீவாவைச் சொந்த மைதானம் என்று ஒரு கிளூன்மோராக்காரி சொல்வதா? எங்கள் ஊரில் புருஷனை விட்டுவிட்டு வந்தவளிடம் பேசுவார்கள். பாலம் தாண்டி ஆடப்போனவளிடம் பேச மாட்டார்கள்.

எங்கள் மேசை சமையலறைக் கதவை ஒட்டி இருந்தது. உட்கார்ந்ததும், "புரொஃபஸரம்மா வந்தாச்சு. என்னடி, கேட்டியா?" என்றாள் ஃபிலோ.

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"பாக்கலாமாம்."

"அப்போ உருளைக்கிழங்க இந்தப் பக்கம் தள்ளு. பசியாவது தீரட்டும்."

ஃபிலோ எங்கள் கோல்கீப்பர். முழுப்பெயர் ஃபிலோமினா கௌரன். பால் பாட்டிலோடு என்னை மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போன நாளிலேயே அவள் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றிருக்கிறாள். விடியுமுன் மாடு கறந்து, பால் வண்டியை அனுப்பி, பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பாள். கீழ் வயலில் கோலுக்குப் பின்னால் ஆறு. தப்பிய பந்தெல்லாம் தண்ணீரில் விழும். அதற்காக அவள் அண்ணனின் சால்மன் பிடிக்கும் வலையை, நீளக் காம்போடு, கம்பத்தில் சாய்த்து வைத்திருப்பாள். பந்து விழுந்ததும் வலையை எடுத்துக்கொண்டு கரையோரம் ஓடி, கோரி எடுத்து, அதே வேகத்தில் நடுக்களத்துக்கு உதைப்பாள். எதிரணிக்காரிகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். உலகத்தில் வேறெங்கும் கோல்கீப்பர் மீன்வலையோடு நின்றிருக்க மாட்டாள். அதைப் பற்றி ஒருநாளும் அவள் அலுத்துக்கொண்டதில்லை.

மாவட்ட இறுதி ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில் வந்த பெனால்டியை முகத்தால் தடுத்தாள். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. நான் பதறி ஓடினால், விரலால் மூக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு. போன தடவ இடது பக்கம் கோணிச்சு, இப்ப நேராயிடுச்சு" என்றாள். அந்த மூக்கால் வந்தது எங்கள் கோப்பை.

கோப்பை எங்கே என்று தேடினேன். மேடையருகே சிறு மேசையில் இருந்தது. குலுக்கல் சீட்டுகளைப் போட ஒரு பாத்திரம் தேவைப்பட்டிருக்கிறது. எங்கள் கோப்பை நிறைய மஞ்சள் சீட்டுகள்.

"விடுடி. பால் வாளியா ஆக்காம விட்டாங்களே" என்றாள் ஃபிலோ.

மர்ட்டியைக் கெட்டவர் என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அந்தப் பெரிய மைதானம் ஒரு காலத்தில் கால் வைத்தால் இடுப்புவரை இழுக்கும் சதுப்பு. தன் டிராக்டரால் வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடித்து, புல்லைப் பாளம் பாளமாகப் பதித்தவர் அவர். கூலி வாங்கவில்லை, பெயர்ப் பலகையும் வைக்க விடவில்லை. அவர் மனைவியின் சவ ஊர்வலம் எங்கள் வழக்கப்படி மைதானத்துக் கேட்டில் ஒரு நிமிடம் நின்றபோது, அவர் சவப்பெட்டியைப் பார்க்கவில்லை, புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு பெரிய மனுஷனுக்குள் இவ்வளவு சின்னப் பூட்டு எப்படி இருக்கிறது என்பதுதான் என் கோபம்.

சாப்பாடு முடிந்து பரிசுகள் ஆரம்பித்தன. அரையிறுதியில் தோற்ற ஆண்கள் அணிக்கு ஆளுக்கொரு கண்ணாடிக் கிண்ணம். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரன், சிறந்த இளைஞன், அதிகம் முன்னேறியவன். ஒவ்வொருவனுக்கும் நாங்கள் மனசாரக் கைதட்டினோம். எல்லாம் எங்கள் பையன்கள்தானே, எங்கள் அண்ணன் தம்பிகள்தானே. பிறகு மர்ட்டி மைக்கைப் பிடித்தார். வழக்கம்போல் ஐரிஷில் இரண்டு வாக்கியம், ஜெபம் மாதிரி. அப்புறம் நன்றிகள். பாதிரியாருக்கு, ஓட்டலுக்கு, புல் வெட்டும் இயந்திரத்தைப் பழுது பார்த்தவனுக்கு.

"கடைசியா," என்றார். குரல் இறங்கியது. "நம்ம லேடீஸ். இந்த வருஷம் அவங்க பண்ணினத யாரும் மறக்க முடியாது. மழையில, சேத்துல, ஒரு முணுமுணுப்பு இல்லாம. அவங்க இல்லேன்னா இந்த கிளப்பே இல்ல. எழுந்திருங்க, எல்லாரும் பாக்கட்டும்!"

எங்கள் மேசையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெண்கள் அணியை ஊரே 'லேடீஸ்' என்றுதான் சொல்லும். முதலில் எழுந்தது ஃபிலோ. ஒரு பாராட்டுக்கும் இதுவரை எழுந்திராதவள், பச்சைப் பட்டு கவுனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, சிவந்த முகத்தோடு, தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல் கையைத் தொடையில் ஒட்டி நின்றாள். நாங்களும் எழுந்தோம்.

அதே நேரம் எதிர்ச் சுவரோரம் இன்னொரு மேசையும் எழுந்தது. ஆட்ட நாட்களில் தேநீரும் சாண்ட்விச்சும் செய்யும் பெண்கள். நடுவில் என் அம்மா நொரீன். ஊர் அவர்களையும் 'லேடீஸ்' என்றுதான் சொல்லும்.

மர்ட்டி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"அடடா, பொண்ணுங்களா! நீங்க உக்காருங்க. நான் சாண்ட்விச்சச் சொன்னேன்!"

கூடம் இடிந்து விழுகிறமாதிரி சிரிப்பு. அதில் விஷம் இல்லை, சத்தியமாக இல்லை. ஃபிலோவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, எழுந்ததால் கசங்கிய கவுன் மடிப்பை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து நேராக்கினாள். பெனால்டியை முகத்தில் வாங்கியபோது கலங்காத கண் இப்போது கலங்கியிருந்தது.

அந்தக் கை மடிப்பைத் தேய்க்கிறதைப் பார்த்தேன். எனக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியும் அம்மா உட்காரவில்லை. மற்ற பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் மட்டும் நின்றாள்.

"மர்ட்டி," என்றாள். அவளுக்கு மைக் தேவையில்லை. "சாண்ட்விச் இன்னும் நின்னுக்கிட்டிருக்கு. ஒரு வார்த்த கேக்கலாமா?"

"கேளு நொரீன்."

"கோப்பைய ஜெயிச்சது முட்டை சாண்ட்விச்சா, ஹாம் சாண்ட்விச்சா?"

இந்தமுறை சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சாவியைக் கேட்காதே என்று என்னை அடக்கி வைத்த அதே அம்மா. அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

மர்ட்டியின் கழுத்து சிவந்தது. அவர் கல் மனசுக்காரர் இல்லை. நடந்தது அவருக்குப் புரிந்துவிட்டது. மேடையிலிருந்து இறங்கி, மேசைகளுக்கு நடுவே எங்களிடம் வந்தார். பையிலிருந்து கொத்தை எடுத்து, ஒரு சாவியை நகத்தால் நெம்பிக் கழற்றி, என் தட்டின் பக்கத்தில் வைத்தார்.

"இந்தா டெர்வ்லா. முதல் மேட்ச் ஆடிக்குங்க. மழை இல்லேன்னா. ஆம்பளைங்க ஆட்டம் அந்த வாரம் இல்லேன்னா. ஆடினதும் என் கையில குடுத்துடணும். நான் யாருக்கும் இப்படிக் குடுத்ததில்ல, உனக்கே தெரியும்."

தெரியும். அவரைப் பொறுத்தவரை அது பெரிய கொடை. சாவி அவர் உடம்புச் சூட்டில் இருந்தது. ஃபிலோ சாவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

நான் அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினேன்.

"வேணாம் மர்ட்டி. தரை ஓய்வெடுக்கட்டும்."

"என்ன பொண்ணே இது? குடுக்கறப்ப வேணாங்கற?"

"நீங்க போட்ட மைதானம் மாதிரி இந்த மாகாணத்துலயே கிடையாது. அத உங்ககிட்ட கடன் வாங்கி ஆட மாட்டோம். எங்களது, எப்பவும் எங்களதுன்னு குடுக்கறப்போ சொல்லி அனுப்புங்க. ஓடி வருவோம்."

"அதுவரைக்கும்?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்போம்."

பின் மேசையில் யாரோ, "டிரம்ரீவாவா? ஐயோ!" என்றார்கள். யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். மர்ட்டி மூடிய கையைத் திறக்காமலே நின்றார்.

நான் சிறு மேசைக்குப் போய்க் கோப்பையைக் கவிழ்த்தேன். மஞ்சள் சீட்டுகள் விரிப்பில் கொட்டின. கோப்பையை இடுக்கிக்கொண்டேன். அம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவளைக் கடக்கும்போது என் தோள்பட்டையில் ஒட்டியிருந்த ஒரு சீட்டை எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான்.

கதவை எட்டும்போது பின்னால் நாற்காலி நகர்ந்தது. ஒன்றல்ல. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏய் புரொஃபஸர்!" ஃபிலோவின் குரல். "வலைய எடுத்துக்கிட்டு வரணுமா?"

"வேணாம்," என்றேன். "அங்க கோலுக்குப் பின்னால ஆறு கிடையாது."

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தேன்.