லிஃப்ட்டுக்கு ஒரு கையெழுத்து

முதியோர் இல்லத்தின் மூன்றாவது மாடியைப் புதிதாகக் கட்டி முடித்து, அன்று பத்து மணிக்குப் பிரதிஷ்டை ஜெபம். பாஸ்டர் வந்தாயிற்று, சபையார் நாற்பது பேரும் வந்தாயிற்று. லிஃப்ட் மட்டும் அசையவில்லை. மெக்கானிக் அதன் மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டிருந்தான். பூட்டியவனே திறக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் சட்டம்.

இல்லத்தை நடத்துகிற சபை மூப்பர் அவன் மனைவியின் அண்ணன்தான். வேலை போட்டுக் கொடுத்தவரும் அவரே. அதை வாரத்துக்கு ஒருமுறை சொல்லிக்காட்டாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது.

“மாப்ளே, மானத்த வாங்காதே. லிஃப்ட் நல்லா இருக்குன்னு ஒரு கையெழுத்து, அவ்வளவுதானே?”

“லிஃப்ட்டத் தூக்கற கம்பிக் கயித்துல இழை இழையா அறுந்து கெடக்கு மச்சான். நேத்தே காட்டினேனே.”

“திங்கக்கிழமை மாத்திக்கலாம். இன்னைக்குக் கர்த்தர் பாத்துப்பார். உனக்கு விசுவாசம் பத்தல!”

சுருக்கென்றது அவனுக்கு. இருபது வருஷமாக முழங்காலில் நின்று ஜெபிக்காமல் ஒருநாள்கூடக் கருவிப்பையைத் தொட்டவனில்லை. அவனைப் பார்த்தா இந்தப் பேச்சு! பயம் பாதி, கோபம் பாதி. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. போகட்டும் என்று நிமிர்ந்தான்.

“விசுவாசம் இருக்கறதாலதான் போடல. பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு ஆண்டவர் சொல்லிட்டார். கயித்தப் பத்தி ஒண்ணும் சொல்லல, அத என் பொறுப்புல விட்டுட்டார்.”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூப்பருக்கு மூக்கு சிவந்தது.

“பூட்ட உடைக்கிறேன் பார்!”

“தாராளமா உடைங்க. உடைச்சிட்டு முதல்ல அத்தைய ஏத்துங்க.”

மூப்பரின் தாயார், அவனுக்கு மாமியார், முன்வரிசையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூப்பர் அம்மாவைப் பார்த்தார், லிஃப்ட்டைப் பார்த்தார். பூட்டை நோக்கி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

பாஸ்டர் வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் படியேறத் தொடங்கினார். சபையும் பின்னாலேயே போயிற்று.

“நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே!” என்று பல்லைக் கடித்தார் மூப்பர்.

“வருவேன் மச்சான். கயிறு மாத்தற வரைக்கும் தினமும் வருவேன், சம்பளமே தராதீங்க.” அவன் குனிந்து நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். “இப்ப அத்தைய மேல கொண்டுபோகணும். அந்தப் பக்கம் புடிங்க.”