ஏஞ்சலுக்கு ஒரு ஜோடி

புதுப்பட்டினத்தில் ரெபேக்காளின் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் கடல். ஆனாலும் அவள் கடையில் உப்பு வாங்கிவந்து, வடிகட்டிய தண்ணீரில் கரைத்து, கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல் வைத்திருந்தாள்.

"வாசல்ல அவ்ளோ பெரிய கடல் கீது, இவ டப்பு குடுத்து உப்புத்தண்ணி கலக்கினு கீறா" என்று அவள் புருஷன் மோசஸ் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பான். கரையோரத் தண்ணீரில் படகு டீசல் கலந்திருக்குமே என்ற பயம் அவளுக்கு.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தொட்டியை எட்டிப் பார்ப்பாள். உள்ளே ஒரே ஒரு குட்டை ஏஞ்சல் மீன். விரல் நீளம்தான். செக்கச்செவேலென்ற உடம்பில் கறுப்புப் பட்டைகள், துடுப்பு ஓரத்தில் நீலம். பாசியைக் கொறித்துக்கொண்டே பாறை இடுக்கில் நுழைந்து மறுபக்கம் எட்டிப்பார்க்கும். கிண்டல் செய்கிற மோசஸும் தட்டோடு தொட்டிக்கு எதிரேதான் சாப்பிட உட்காருவான்.

கல்யாண நாளன்று வண்டி ஓட்டிக்கொண்டு சென்னைக்குப் போனவன், கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் இன்னொரு ஏஞ்சல் மீனைக் கவரில் வாங்கி வந்தான். பழையதைவிடச் சின்னது. அவள் வருவதற்குள் தொட்டியில் விட்டும்விட்டான்.

"ரெபேக்கா, உள்ள வந்து பாரேன், உனக்கு ஒரு கிஃப்ட்!"

அவள் பார்த்தபோது பழைய மீன் புதியதைத் துரத்தித் துரத்திக் கொத்திக்கொண்டிருந்தது. புதியது வால் கிழிந்து, தொட்டியின் வடிகட்டிக் குழாய்க்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது.

"யோவ்! இன்னா வேல பண்ணி வச்சிருக்க? என்னை ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"அது தனியா கெடக்குதேன்னு…" மோசஸின் முகம் தொங்கிப்போனது. அதைக் கண்டதும் அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. ஆனால் சமாதானம் பேச நேரமில்லை. காய் கழுவும் பிளாஸ்டிக் கூடையை அலசித் தொட்டிக்குள் தொங்கவிட்டு, புதிய மீனை அதில் பத்திரப்படுத்தினாள். பிறகு வழக்கமாக மீன் வாங்கும் கடைக்காரர் பிரவின்குமாருக்குப் போன் போட்டாள்.

"பாறைங்கள எல்லாம் எடம் மாத்தி வைங்கக்கா. பழசுக்குத் தன் எடம் எதுன்னே தெரியாம பூடும். சின்னது கூடைலயே கொஞ்ச நாள் இருக்கட்டும், ஒண்ண ஒண்ணு பாத்துப் பழகிக்கும். இதுங்க எல்லாமே மொதல்ல பொண்ணுதான். ஜோடியா இருந்தா பெருசு ஆம்பளையா மாறிடும்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மோசஸ் வாயைப் பிளந்தான். "இன்னாது, மாறுமா?"

இருவரும் பாறைகளை நகர்த்தினார்கள். தோள் வரை கையை விட்ட மோசஸின் சட்டையெல்லாம் உப்புத் தண்ணீர். மணல் கலங்கி மீனே தெரியவில்லை. "கிஃப்ட் எனக்கா, உங்களுக்கா?" என்று அவள் கேட்டதும் அவனுக்கும் சிரிப்பு வந்தது.

வால் ஆறியதும் கூடையைத் திறந்தாள். பெரியது கொஞ்சம் முறைத்தது, கொஞ்சம் துரத்தியது. அப்புறம் அலுத்துப்போய், இரண்டும் ஒரே பாறையை மேயத் தொடங்கின.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு சாயங்காலம். ஆராதனைக்குக் கிளம்பி மோசஸ் வாசலில் பைக்கை உறுமவிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏங்க, ஓடி வாங்க!"

தொட்டி விளக்கு மங்கியிருந்தது. பெரிய மீன் துடுப்பை விரித்துச் சின்னதைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு இரண்டும் உடம்போடு உடம்பு ஒட்டி மெல்ல மேலே எழுந்தன. நீர்ப்பரப்பை நெருங்கியதும் ஒரு துடிப்பு. புகைபோல் ஏதோ கலைய, சட்டென்று கீழே பாய்ந்தன.

"முட்ட போட்ருச்சுங்க!" ரெபேக்காள் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "அப்போ பெருசு மாறிடுச்சு."

"பாத்தியா? ஜோடி சேத்து வச்சது யாரு?" மோசஸ் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

சபைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பிரசங்கம் முடிந்திருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் மோசஸ் அவள் காதருகே குனிந்தான்.

"ஒரு சந்தேகம். இப்போ பெருச இன்னான்னு கூப்புடுறது, அவன்னா, அவள்னா?"

ரெபேக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.