காத்திருப்புப் பெட்டி

அண்ணன் கடிதத்தை இரண்டாவது தடவை உரக்கப் படித்தபோது தங்கை தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"இந்த வரியைக் கேளு. 'இத்தனை வருடங்கள் எல்லோரையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். அதை நாங்கள் மறக்கவில்லை.' இதை எழுதினவர் என்னைக்காவது என் பஸ்ல வந்தவராத்தான் இருக்கணும்."

"வேலை கிடையாதுன்னுதானே எழுதியிருக்கு?" என்றாள் அண்ணி, அடுப்படியிலிருந்து.

"கிடையாதுன்னு சொல்றதுலயும் ஒரு விதம் இருக்குல்ல. மருத்துவக் குழு கவனமாப் பரிசீலிச்சிருக்கு. அப்புறம்தான் வருத்தத்தோட சொல்றாரு."

"போன தடவை வந்ததுலயும் இதேதான் இருந்துச்சு. ஒரு எழுத்து மாறல."

"அதான் நானும் சொல்றேன். சொன்ன சொல் மாறாத மனுஷன்."

அண்ணி கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் ஓங்கித் தட்டினாள். அந்த வீட்டில் எந்த வாக்குவாதத்துக்கும் அதுதான் மணி.

அண்ணன் பேருந்து ஓட்டியவர். ஆண்டுப் பரிசோதனையில் வலது கண் மங்கிவிட்டது என்று சொல்லி, கம்பெனி அவரை நிறுத்திவிட்டது. கண்ணாடி போட்டதும் எதிர்க்கடைப் பலகையில் உள்ள பொடி எழுத்தெல்லாம் அவருக்குத் தெரிந்தது. 'ஒரே ஒரு தடவை மறுபடி கண்ணைப் பாருங்கள்' என்று எழுதி, போனில் படம் எடுத்து மனு போட்டார். ஒரு வாரத்தில் போனுக்கே பதில் வந்தது. மறுபடி போட்டார். மறுபடி ஒரு வாரத்தில் அதே பதில் வந்தது. பதிலில் இருந்த மரியாதை அவரைப் பிடித்துக்கொண்டது. கடிதத்துக்குப் பின்னால் ஒரு நல்லவர் உட்கார்ந்திருக்கிறார், இன்னும் ஒரு மனு போனால் அவர் மனசு வைத்துவிடுவார் என்று நம்பத் தொடங்கினார். பெயர் தெரியாததால் அவருக்கு 'அவர்' என்றே பெயர் வைத்தாயிற்று. சாப்பாட்டு நேரத்தில்கூட 'அவர்' பேச்சு வராமல் இருக்காது.

"உங்க அவர் சாப்பிட்டாரான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்பாள் அண்ணி.

சிரிக்க வேண்டிய இடம்தான். தங்கை மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் வீட்டில் "கம்ப்யூட்டர் வேலை" என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. எந்தெந்தக் கம்பெனிகளுக்கு வேலை செய்கிறோம் என்று வெளியே மூச்சு விடக் கூடாதென்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஒரு மனு உள்ளே வந்தால் முதலில் எங்கே போக வேண்டும், யார் பார்க்க வேண்டும், பார்த்த பிறகு எங்கே போக வேண்டும் என்பதைத் திரையில் பெட்டிகளும் அம்புகளுமாக வரைந்து வைப்பார்கள். அந்தப் படத்துக்கு டெம்ப்ளேட் என்று பெயர். ஒரு தடவை வரைந்துவிட்டால் போதும். எத்தனை மனு வந்தாலும் அந்த வழியிலேயே தானாகப் போகும். பெட்டியைச் சேர்ப்பது, எடுப்பது, கடைசியில் கிளம்பும் கடிதத்தின் வாசகத்தைத் திருத்துவது, இவையெல்லாம் அவள் பொறுப்பு.

பேருந்துக் கம்பெனியின் மனு டெம்ப்ளேட்டும் அவள் கையில்தான் இருந்தது. முன்பு அதில் 'மருத்துவக் குழு' என்று ஒரு பெட்டி இருந்தது. குழுவைக் கலைத்துவிட்டோம், பெட்டியை எடுங்கள் என்று கம்பெனி சொன்னது. எடுத்தாள். அந்த இடத்தில் 'காத்திருப்பு' என்று வேறொரு பெட்டியை வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். மனு வந்த கையோடு பதில் போனால், யாரும் படிக்கவில்லை என்பது வெட்டவெளிச்சமாகிவிடுமாம். ஆகவே கண் காரணமாக நிறுத்தப்பட்டவர்களின் மனு அந்தப் பெட்டிக்குள் ஒரு வாரம் சும்மா கிடக்கும். பிறகு கடிதம் தானாகக் கிளம்பும். நடுவில் ஒரு ஈ காக்கைகூடக் கிடையாது. கடிதத்தில் இருந்த 'மருத்துவக் குழு கவனமாகப் பரிசீலித்தது' என்ற வாக்கியத்தை எடுக்கும்படி யாரும் சொல்லவில்லை. குழு போய்விட்டது, வாக்கியம் தங்கிவிட்டது.

'பத்திரமாக' வரி அவளே எழுதியது. கடிதம் வறட்டென்று இருக்கிறது, கொஞ்சம் ஈரம் சேருங்கள் என்று கேட்டிருந்தார்கள். அவளுக்குத் தெரிந்த ஒரே ஓட்டுநர் அண்ணன்தான். அவரை மனதில் வைத்துக்கொண்டு எழுதினாள். அப்போது அவர் வேலையில் இருந்தார். அந்த வரி சுற்றிக்கொண்டு வந்து தன் வீட்டு வாசலையே தட்டும் என்று யாருக்குத் தோன்றும்?

முதல் கடிதம் வந்த அன்றே சொல்லியிருக்கலாம். அண்ணனின் முகத்தில் அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதை அணைக்க அவளுக்குக் கை வரவில்லை. 

அதற்குள் இன்னொன்று வந்து சேர்ந்தது. அண்ணியின் தம்பி ஒரு சரக்குக் கிடங்கில் பொறுப்பாளராக இருந்தான். லாரிகளை உள்ளே விட்டு, சரக்கை இறக்கி, வெளியே அனுப்பும் இடத்துக்கு வண்டி தெரிந்த ஆள் ஒருவர் தேவை. மாமாவுக்கு என்றால் பேசி வைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், அதற்கு மேல் என் கையில் இல்லை என்றான்.

"நான் அங்க போய் கேட் திறந்துக்கிட்டு நிக்கிறப்ப, இங்க 'அவர்' கூப்பிட்டு, 'வாங்க, கண்ணைப் பார்த்துடலாம்'னா என்ன செய்றது?" என்றார் அண்ணன். "மூணாவது மனு எழுதப்போறேன். இதுக்கு மட்டும் பதில் வரட்டும்."

அண்ணி கரண்டியைக்கூடத் தட்டவில்லை. அதைப் பார்த்ததும்தான் இனியும் தள்ளிப்போட முடியாது என்று தங்கைக்குப் புரிந்தது. வெள்ளிக்கிழமை காலையில், "இப்ப அனுப்பாதீங்க அண்ணா. ஞாயித்துக்கிழமை நானே தெளிவா போட்டோ எடுத்து அனுப்பித் தர்றேன்" என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போனாள்.

மேனேஜர் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார்.

"சார், அந்த மனுக் கடிதத்துல மருத்துவக் குழுன்னு ஒரு வாக்கியம் இருக்கு. அது பொய்."

"யாரு கவனிச்சா?"

"நான் கவனிச்சேன்."

"நீ கவனிக்கத்தானே சம்பளம். வெளியில யாராவது?"

"யாராவது ஒருத்தர் கோர்ட்டுக்குப் போய், அந்தக் குழுவுல யார் யாரு, கூட்டிட்டு வாங்கன்னு சொன்னா?"

மேனேஜர் கோப்பையைக் கீழே வைத்தார். "சரி, சரி. குழுவும் வேணாம், பரிசீலனையும் வேணாம். சுருக்கமா ரெண்டு மூணு வரியில முடி. அப்படியே அந்தக் காத்திருப்புப் பெட்டியையும் தூக்கிடு. மாசக் கடைசி அறிக்கையில இவ்வளவு மனு நிலுவையில இருக்கேன்னு பஸ் கம்பெனிப் பெரியவர் குதிக்கிறாராம்."

பக்கத்து நாற்காலிக்காரனை எல்லோரும் 'அம்பு' என்று கூப்பிடுவார்கள். அவன் வரையும் படங்களில் பெட்டியைவிட அம்புகள்தான் அதிகம். அவள் வரிவரியாக அழிப்பதை எட்டிப் பார்த்தான்.

"என்னம்மா, இருந்த ஈரத்தையும் பிழிஞ்சு காயப்போடுற? அந்தப் 'பத்திரமாக'வாவது இருக்கட்டும். அதைப் படிச்சா எனக்கே ஒரு மாதிரி ஆயிடும்."

"அதுதான் வேணாம்னு எடுக்கிறேன்."

புதுக் கடிதத்தில் மூன்றே வாக்கியங்கள். 'உங்கள் மனு நிராகரிக்கப்பட்டது. இந்த முடிவு இறுதியானது. இது பற்றி மீண்டும் எழுத வேண்டாம்.' காத்திருப்புப் பெட்டியை எடுத்துவிட்டு அம்பை நேராகக் கடிதத்தோடு இணைத்தாள். வெளியிடும் பொத்தானை அழுத்தினாள். ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட மனுக்கள் பழைய வழியிலேயே போகும், பழைய கடிதத்தையே பெறும். ஸ்டாண்டை விட்டுக் கிளம்பிய பஸ்ஸை வழி மாற்ற முடியாது. இனி வருபவைதான் புது வழி. அதனால்தான் அண்ணனை நிறுத்தி வைத்தாள். காத்திருப்பு இல்லாததால் பதிலும் அன்றே வந்துவிடும், கிடங்குக்குச் சரி என்று சொல்ல நேரம் இருக்கும். வலிக்கும்தான். ஆனால் ஒரே வெட்டு. இப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள்.

ஞாயிறு காலை ஜன்னலோர மேசையில் மனு தயாராக இருந்தது. இடப்பக்கம் ஒழுங்காக மடித்து விட்ட ஓரம், மேலே 'ஐயா', கீழே கையெழுத்து. தட்டச்சு செய்தால் மரியாதை இல்லை என்பது அண்ணனின் எண்ணம். தேய்த்த சீருடைச் சட்டை சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் படம் எடுத்து, அண்ணனின் போனிலேயே இணைத்து அனுப்பினாள். போனை மேசையில் வைப்பதற்குள் அது கிணுகிணுத்தது.

அண்ணன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மூன்று வாக்கியங்களைப் படிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"ஆள் மாறிட்டாங்க" என்றார்.

"அண்ணா..."

"இவன் வேற ஆளு. பிரிச்ச உடனே மூஞ்சியில அடிச்ச மாதிரி எழுதிட்டான். அவரு இப்படி எழுத மாட்டாரு."

"முடிவுன்னு சொல்லிட்டாங்கல்ல. விடுங்க அண்ணா. கிடங்குக்குப் போன் போட்டுடலாம்."

"கிடங்கு எங்க ஓடிப்போகுது? அவரு எங்க போனாரு, அதைச் சொல்லு." அண்ணனின் குரல் இறங்கிவிட்டது. "எனக்காக மேல போய்ப் பேசியிருப்பாரு. 'உனக்கு எதுக்கு இந்த வேலை'ன்னு தூக்கியிருப்பாங்க. திரும்பத் திரும்ப எழுதி, அந்த மனுஷன் பிழைப்புக்கு நான்தான் உலை வச்சிருக்கேன்."

இதைத் தங்கை எதிர்பார்க்கவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் புதுத்தாளை இழுத்து, ஓரத்தை மடித்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

'ஐயா, என் வேலையைப் பற்றி இனி எழுத மாட்டேன். இதற்கு முன் எனக்குப் பதில் எழுதியவர் விதியை மீறி எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை. மரியாதையாக எழுதினார், அவ்வளவுதான். அதற்காக அவருக்குத் தண்டனை எதுவும் வேண்டாம். தவறு முழுவதும் என்னுடையது.'

"இதை அனுப்ப வேணாம் அண்ணா."

"ஏன்?"

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

"என்னால ஒருத்தர் தெருவுல நிக்கக் கூடாதும்மா. போட்டோ எடு."

எடுத்தாள். அனுப்பியதாகப் பாவனை செய்துவிடலாமா என்று ஒரு நினைப்பு ஓடியது. ஆனால் அனுப்பும் பொத்தானை அவரே விரலால் அழுத்தினார். அழுத்திவிட்டுப் பேனா மூடியைத் தேடினார். மூடி கைக்குக் கிடைப்பதற்குள் போன் கிணுகிணுத்தது.

'உங்கள் மனு நிராகரிக்கப்பட்டது. இந்த முடிவு இறுதியானது. இது பற்றி மீண்டும் எழுத வேண்டாம்.'

அண்ணன் இதையும் முந்தையதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு மூடாத பேனாவைப் பார்த்தார்.

"பேனாவை மூடுறதுக்குள்ள எப்படிப் படிக்க முடியும்?"

அவள் மூடியைத் தேடி எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நான் மனுவே போடலையே இப்ப. அவருக்காகத்தானே எழுதினேன்." போனில் பழைய கடிதத்தைத் தேடி எடுத்தார். "அப்ப முன்னாடியெல்லாம் ஒரு வாரம் கழிச்சு வந்துச்சே?"

"ஒரு வாரம் சும்மா வச்சிருப்பாங்க அண்ணா. அப்புறம் தானாப் போகும். யாரும் பார்க்கிறதில்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அதுதான் என் வேலை."

அண்ணன் கோபப்படுவார் என்று நினைத்துத் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவர் கோபப்படவில்லை. எங்கோ ஒரே ஒரு கதவாவது திறந்திருக்காதா என்று தட்டிப் பார்ப்பவர் போல மெதுவாகக் கேட்டார்.

"அந்த ஒரு வரி? பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள்னு?"

"நான் எழுதினது. உங்களை நினைச்சுத்தான் அண்ணா எழுதினேன்."

"எல்லாருக்கும் போகுமா?"

"எல்லாருக்கும்தான்."

அவர் தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றி, மனுவின் மேல் கவிழ்த்து வைத்தார்.

அடுப்படியிலிருந்து அண்ணி தன் போனோடு வந்தாள். "என்ன, ரெண்டு தடவை மணி அடிச்சுது? உங்க அவரா?"

"அப்படி ஒருத்தர் இல்லையாம்" என்றார் அண்ணன்.

அண்ணி அவர் முகத்தைப் பார்த்தாள், தங்கையின் முகத்தைப் பார்த்தாள். வாயில் இருந்த கேலி அப்படியே நின்றுவிட்டது. "தம்பி லைன்ல இருக்கான்" என்று தணிந்த குரலில் சொன்னாள். "முதலாளி பக்கத்துலயே இருக்காராம். வேற ஒருத்தர் வந்து உட்கார்ந்திருக்காராம். ஒரே வார்த்தை சொன்னாப் போதும்ங்கிறான்."

போனை வாங்கி அவர் காதருகே வைத்தாள் தங்கை. மாமா, மாமா, கேட்குதா என்றது உள்ளேயிருந்த குரல். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமல் அதில் எதுவும் தெரிந்திருக்காது.

"சொல்லுங்க அண்ணா" என்றாள் அவள்.

அந்தப் பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு போனை வைத்துவிட்டார்கள்.