முன்வரிசைக் கதிரை

"தலைவர் ஞாயிறு பின்னேரம் உங்கட மேடைக்கு வாறார் அக்கா," என்று கட்சி அமைப்பாளர் வினோதன் ஃபோனில் சொன்னபோது, மேனகா கொட்டாஞ்சேனைச் சந்தியில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாநகர சபைத் தேர்தலுக்கு இன்னும் ஒன்பது நாள். போன முறை அறுபத்தொரு வாக்கில் தோற்றவள். தலைவர் வந்தால் தெரு நிறையும், அது அவளுக்குத் தெரியும். ஆனால் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றவர் மாக்ரெட் அன்ரி.

இரண்டாயிரத்து எட்டில் மாக்ரெட்டின் மகனை யாரோ வெள்ளை வேனில் கடத்திக்கொண்டு போனார்கள், அவன் திரும்பவேயில்லை. தலைவர் அப்போது அரசாங்கத்தில் இருந்தார். மூன்று நாள் அவருடைய அலுவலக வாசலில் காத்து நின்ற மாக்ரெட்டிடம், "வீட்ட போங்கம்மா, பொடியன் வந்துருவான்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறியவர். இந்த வட்டாரத்தில் மாக்ரெட் தட்டிய கதவுகள்தான் மேனகாவுக்குத் திறந்தன.

"அவர் வேணாம் வினோதன். நான் தனியா பாத்துக்கிறேன்."

"வேணாம் எண்டு சொன்ன ஆக்கள அவர் மறக்கிறதில்ல அக்கா." குரலில் கோபமே இல்லை. "யோசிச்சுச் சொல்லுங்க."

விஷயத்தைக் கேட்ட மாக்ரெட் குடையை மெல்ல மடக்கினார்.

"வரச் சொல்லுங்கோ பிள்ளை. எனக்கு முன்வரிசையில ஒரு கதிரை போடுங்கோ, அது போதும்."

ஏன் என்று மேனகா கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலைவரை வேண்டாம் என்றே சொல்ல வேண்டி வந்திருக்கும். அன்றைக்கே வினோதனுக்கு ஓம் சொன்னாள். அன்ரியே சொல்லிவிட்டார்தானே என்று தனக்குள் பலமுறை சொல்லிக்கொண்டாள்.

ஞாயிறு, ஜிந்துப்பிட்டிப் பக்கமிருந்தும் சனம் வந்து குவிந்தது. முன்வரிசையில் மாக்ரெட் வெள்ளைச் சேலையில் இருந்தார். மடியில் கைப்பை. காவலுக்கு வந்தவன் ஒருவன் அதைத் திறந்து பார்த்தான், உள்ளே கிடந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றான், பிறகு மூடிக் கொடுத்துவிட்டு அவர் கதிரைக்குப் பின்னாலேயே நின்றுகொண்டான்.

பட்டாசு வெடிச் சத்தத்தோடு தலைவர் மேடையேறினார். மேனகாவின் கையைப் பிடித்து உயரத் தூக்கினார். சனம் ஆர்ப்பரித்தது. அப்போதுதான் மாக்ரெட் எழுந்தார். பையிலிருந்து மகனின் படத்தை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். முன்வரிசையில் தொடங்கி, கைதட்டல் வரிசை வரிசையாக ஓய்ந்துகொண்டே போனது.

தலைவரின் சிரிப்பு குலையவில்லை. உதடு அசையாமல் கேட்டார்.

"யாரம்மா அது? உங்கட ஆளா?"

இரண்டு பக்கமிருந்தும் காவலர்கள் அவசரமில்லாமல் மாக்ரெட்டை நோக்கி நடந்தார்கள். மேனகா கையை இறக்கப் பார்த்தாள். உயரத்தில் தலைவரின் பிடி இறுகியது.