எனக்கு வைத்த ஃபிளெக்ஸ்

நான் செத்துப்போன செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. காலையில் தக்காளி நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். கல்லூரித் தோழி ரெஹானா ஒரு படம் அனுப்பியிருந்தாள். முப்பது வருடம் கழித்து அன்று எங்கள் வகுப்பு கூடுகிற அரங்கு, வாசலில் மூன்று ஃபிளெக்ஸ். இரண்டில் நிஜமாகவே போய்ச் சேர்ந்த வகுப்புத் தோழர்கள். மூன்றாவதில் நான். ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த இரட்டைச் சடைப் படம், மேலே மாலை, கீழே ‘கண்ணீர் அஞ்சலி’.

உடனே போன் போட்டேன்.

“சத்தியமா எனக்குத் தெரியாது உமா,” என்றாள் ரெஹானா. “நீ வருசநாட்டுல நல்லா இருக்கேன்னு, விழா நடத்துற சின்னச்சாமிகிட்ட போன மாசமே சொல்லிட்டேன். கூப்புடுவோம்னான். இங்கன வந்து பாத்தா இப்பிடிக் கட்டி வச்சிருக்கான்.”

“விழாவுக்குப் பெரிய ஆளு யாரு?”

“உங்கண்ணன் சுருளிராஜன். மத்தியானச் சாப்பாடு அவுக செலவு.”

அப்படியா சங்கதி என்று வைத்துவிட்டேன்.

என் கணவர் பொன்னுராஜ் எங்கள் ஊர்க்காரர்தான். எங்கள் தெருக்காரர் இல்லை. அந்த ஒன்று போதுமாக இருந்தது. கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். என் அப்பா போலீசுக்குப் போகவில்லை. அச்சாபீசுக்குப் போனார். பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்லூரி வாசல் வரை எனக்குக் கண்ணீர் அஞ்சலி ஒட்டினார். வீரபாண்டி ஆற்றங்கரையில் மொட்டை போட்டு, கருமாதி செய்து, சொந்தபந்தத்துக்குச் சோறு போட்டார். ஓடிப்போன பெண்ணுக்கு எங்கள் பக்கம் செய்கிற மரியாதை அது. வெளியூர்ப் பிள்ளைகள் போஸ்டரைப் பார்த்து நான் உண்மையிலேயே செத்துவிட்டதாக நினைத்து அழுதிருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு விஷயம் தெரியும். சின்னச்சாமி உள்ளூர்க்காரன். என் கருமாதிச் சோற்றைத் தின்றவன்.

அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. உயிர் தப்பினால் போதும் என்றிருந்தது. வருசநாட்டில் குத்தகைக்கு நிலம் பிடித்து, நாற்றங்கால் போட்டு, மகள் மகிமாவை நர்சிங் படிக்க வைத்து, இன்று கண்டமனூர் வரைக்கும் எங்கள் நாற்றுதான் போகிறது. வகுப்பில் தாவரவியல் படித்தவர்களில் செடியைத் தொட்டுப் பிழைப்பவள் நான் ஒருத்தி மட்டும்தான் என்று ரெஹானா சொல்வாள். இப்படி இருப்பவளைப் பிடித்து மறுபடியும் சாகடித்தால் எனக்குக் கோபம் வராதா?

“என்னத்துக்கு வம்பு உமா?” என்றார் பொன்னுராஜ்.

“வம்ப அவுகதான வச்சாக. வண்டிய எடுக்குறீகளா, நான் பஸ்ஸுல போகட்டுமா?”

அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். அரங்கு வந்ததும், “நான் வாசல்லயே நிக்கிறேன். ஒரு குரல் குடு,” என்றார்.

சின்னச்சாமி வெள்ளைச் சட்டையில், நெஞ்சில் வரவேற்பு பேட்ஜ் குத்தி நின்றான். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“ஏலே சின்னச்சாமி, பேய் வந்துருக்கேன். வாங்கன்னு சொல்ல மாட்டியா?”

“மெதுவாப் பேசு உமா.” என்னை ஓரமாகக் கூட்டிப் போனான். “உங்கண்ணன்தான் அந்தப் படத்தக் குடுத்தாக. வேண்டாம்னா விழா நடக்குமா? இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்க. நாளைக்கு குரூப்புல அச்சுப் பிழைன்னு போட்டுர்றேன்.”

“நான் அச்சுப் பிழையாடா?”

“நீ திரும்பிப் போயிரு. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

“செத்தவளுக்கு என்னடா புண்ணியம்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கடைசி வரிசையில் ரெஹானாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. இரட்டைச் சடையா இருக்கிறது இப்போது?

மேடையில் ஒவ்வொருவராக வந்து தாங்கள் முன்னுக்கு வந்த கதையைச் சொன்னார்கள். துபாயிலிருந்து நவாஸ் வந்திருந்தான். வீடு கட்டினேன், குடியிருக்கத்தான் நேரமில்லை என்றான். வகுப்பில் முதல் மார்க் வாங்கிய அக்கம்மாள், கணவர் எஞ்சினியர், மகன் டாக்டர் என்று சொல்லிவிட்டு இறங்கப் பார்த்தாள். நீ என்ன செய்கிறாய் என்று யாரோ கேட்டார்கள். அவள் சிரித்து மழுப்பினாள். அவளுக்கு யாரும் போஸ்டர் ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் பார்த்தபடி என் அண்ணன் மேடையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. அப்பாவை உரித்து வைத்திருந்தார்.

பிறகு எங்கள் பேராசிரியர் சேக் பரீத் சார் எழுந்தார். பழையபடி அவர் அட்டனன்ஸ் எடுப்பதாக ஏற்பாடு. அவர் வகுப்பில் ‘பிரசண்ட் சார்’ செல்லாது, ‘உள்ளேன் ஐயா’தான். இறந்தவர் பெயர் வந்தால் எல்லோரும் எழுந்து மௌனமாக நிற்க வேண்டும் என்று சின்னச்சாமி மைக்கில் சொன்னான். சொல்லும்போது அவன் கண் கடைசி வரிசைப் பக்கம் வரவேயில்லை.

பெயர்கள் வந்தன. ‘உள்ளேன் ஐயா’க்கள் சிரிப்போடு வந்தன. எழுந்து போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ரெஹானா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உமாதேவி.”

அரங்கமே எழுந்து நின்றது. நானும் எழுந்தேன்.

“உள்ளேன் ஐயா,” என்றேன்.

குரல் நடுங்கியது. அதனால் இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.

எல்லாத் தலையும் திரும்பியது. நான் செத்ததற்காக எழுந்தவர்கள் என்னைப் பார்த்தபடியே நின்றார்கள். எனக்காக இத்தனை பேர் எழுந்து நின்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சேக் பரீத் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, அண்ணன் முன்னால் இருந்த மேசையில் தாளை வைத்து, என் பெயருக்கு நேரே டிக் அடித்தார்.

“உக்காரும்மா,” என்றார். “அடுத்தது...”

நான் உட்காரவில்லை. நேராக மேடைக்குப் போனேன்.

“அண்ணே, எனக்குக் கருமாதி பண்ணது அப்பா. அவுக போயிட்டாக, அவுகள விடுங்க. இந்தப் படத்தக் குடுத்தது நீங்க. உமா செத்துட்டான்னு இப்ப என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. நான் போயிர்றேன்.”

அவர் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். சின்னச்சாமியைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கிப் போனார். அவர் போட்ட சாப்பாட்டை நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அக்கம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தனக்கும் ஒரு நாற்றங்கால் போட முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றேன்.

கிளம்பும்போது என் ஃபிளெக்ஸை மட்டும் அவிழ்த்தேன். மேல் முடிச்சு எனக்கு எட்டவில்லை. பொன்னுராஜ் அவிழ்த்துக் கொடுத்தார்.

“கிழிச்சுப் போட்டுரு உமா,” என்றான் சின்னச்சாமி.

“நல்ல கனமான ஃபிளெக்ஸுடா. எதுக்குக் கிழிக்கணும்?”

இப்போது அது நாற்றுக்குப் போடும் எங்கள் தென்னைநார்க் கழிவுக் குவியலுக்கு மேல் கிடக்கிறது. மழைக்கு நன்றாகத் தாங்குகிறது. நாற்று வாங்க வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். நேற்றும் ஒருவர் கேட்டார்.

“பாவம், சின்ன வயசு. யாரு அக்கா இவுக?”

“நான்தான்,” என்றேன். “உங்களுக்குக் கத்திரியா, மிளகாயா?”