ஏழாவது தூணின் இடம்

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தின் ஏழாவது தூண் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதால் அதன் இடத்தில் என் கணவர் நிற்கிறார். பெயர் தணிகைவேல். பலிபீடம் தாண்டி மண்டபத்தில் ஏறியதும் இடதுபக்கம் பார்த்தால் தெரியும். கட்டம்போட்ட சட்டை போட்டிருப்பார்.

திருவெண்பேடு பழைய ஊர். கோயில் சோழர் காலத்தது என்பார்கள். சுற்றியிருந்த வயல்களெல்லாம் கம்பெனிகளாகி வெகுகாலம் ஆகிவிட்டது. காலையில் ஊரில் பாதிப்பேர் ரயில் ஏறிச் சென்னைக்குப் போவார்கள். சென்னையிலிருந்து அதே அளவு பேர் வந்து இறங்கி இங்குள்ள கம்பெனிகளுக்குப் போவார்கள். இரண்டு கூட்டமும் பிளாட்பாரத்தில் இடித்துக்கொள்ளும். சாயங்காலம் மறுபடி இடித்துக்கொள்ளும். மற்றபடி அமைதியான ஊர்.

என் கணவர் கார் சீட் செய்யும் கம்பெனியில் லைனில் இருந்தார். நின்றுகொண்டே செய்யும் வேலை. சில வருஷங்களில் காலில் நரம்பு சுருண்டுகொண்டது. வீட்டுக்கு வந்ததும் நான் எண்ணெய் தடவிவிடுவேன். ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளலாமா என்று அவர் சூப்பர்வைசரிடம் கேட்டார். சூப்பர்வைசர் நல்ல மனுஷர். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் தூண் வேலை கேட்டு வந்தது.

எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று கேட்டார்களாம். தூண் பதில் சொன்னது. அங்கேயே யூனிபார்ம் கொடுத்துவிட்டார்கள். என் கணவருடையதைத்தான் கழற்றிக் கொடுத்தார்கள். தூணுக்குத் தோளில் கொஞ்சம் பிடித்ததாம்.

மறுநாள் சபேச குருக்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏழாவது தூண் சொல்லாமக் கொள்ளாமப் போயிடுத்தும்மா. மேலே கல்லு லேசா முனகறது. உங்க வீட்டுக்காரர் இப்போ சும்மாதானே இருக்கார்?"

"அவருக்குக் கால் வலி, சாமி."

"அங்கே குளிர்ச்சியா இருக்கும். வந்து நின்னுதான் பாக்கட்டுமே."

என் கணவர் போய் நின்று பார்த்தார். பிடித்துவிட்டது. உயரம் போதாததால் காலுக்கு ஒரு கல்லும் தலைக்கு ஒரு சும்மாடும் கொடுத்தார்கள்.

ஆரம்பத்தில் ஒரு சிரமமும் இல்லை. சாயங்காலம் கம்பெனி பஸ் கோயில் வளைவருகே நிற்கும். தூண் இறங்கி, கைகால் கழுவி, மண்டபத்தில் ஏறி அதன் இடத்தில் நின்றுகொள்ளும். என் கணவர் தலைச் சும்மாட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். சட்டையெல்லாம் குங்குமமாக இருக்கும். கையில் வாங்கிய குங்குமம் மிஞ்சினால் ஜனங்கள் தூணில்தானே கொட்டுவார்கள். ஒருநாள் முதுகில் பிளஸ் டூ பரீட்சை நம்பர்கள் எழுதியிருந்தன. அவற்றுக்குக் கீழே லோகேஷ், திவ்யா என்று இரண்டு பேர்கள், நடுவில் ஓர் இதயம். நான் தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு தேய்க்கப் போனேன்.

"அத மட்டும் விட்டுடு எழிலு" என்றார். "அந்தப் பிள்ளைங்க மறுபடி வந்து தேடும்."

பிறகு தூணுக்கு ஓவர்டைம் கொடுத்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. அப்புறம் கம்பெனி ஹாஸ்டலிலேயே கட்டில் கொடுத்துவிட்டார்கள் என்று பஸ் டிரைவரிடம் சொல்லி அனுப்பியது. அன்றிலிருந்து என் கணவர் வீட்டுக்கு வரவில்லை.

நான் தினமும் டிபன் கேரியரில் சாப்பாடு கொண்டுபோனேன். அவர் நின்றபடியே சாப்பிடுவார். ஒருநாள் எண்ணெய் தடவலாம் என்று வேட்டியை ஒதுக்கினால் கால் முழங்கால்வரை கல்லாகியிருந்தது.

"வலி சுத்தமா இல்ல" என்றார் சந்தோஷமாக.

எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவிட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் திறந்து கொஞ்சம் தடவினேன். கல்லுக்கும் எண்ணெய் நல்லதுதான்.

"வீட்டுக்கு வாங்க. வேற யாரையாவது நிக்கச் சொல்லட்டும்" என்றேன்.

சுற்றி வந்த ஓர் அம்மாள் அவர் தோளில் விபூதியைத் தட்டிவிட்டுப் போனாள்.

"கம்பெனியில நான் ஒரு நாள் வரலன்னா பக்கத்து ஆள நகர்த்தி நிக்க வெப்பாங்க. லைன் ஓடிக்கிட்டே இருக்கும். இங்க நான் நகர்ந்தா மண்டபம் இறங்கிடும் எழிலு. இதுவரைக்கும் நான் நகர்ந்தா எதுவும் இறங்கினதில்ல."

"வீட்டுல?" என்று கேட்டேன். "வீட்டுல நீங்க இல்லன்னா எதுவும் இறங்காதா?"

அவர் கீழே குனிந்து என்னைப் பார்க்க முயன்றார். குனிந்தபோது மேலே கல் கடகடவென்றது. மறுபடி நிமிர்ந்துகொண்டார். நான் டிபன் கேரியரைக் கழுவாமலே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பக்கத்துப் போர்ஷனில் மும்தாஜ் அக்கா குடியிருக்கிறார். ஸ்டேஷன் வாசலில் டீக்கடை வைத்திருப்பவர். அன்று சாயங்காலம் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளரைக் கையில் கொடுத்தார்.

"இங்க உக்காந்து அழுது என்ன ஆகப்போவுது? அந்தத் தூண்கிட்டயே நேராப் போய்க் கேளேன்" என்றார்.

மறுநாளே கம்பெனிக்குப் போனேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி யாரைப் பார்க்க வேண்டும் என்றார். சொன்னேன்.

"நீங்க என்ன வேணும் அதுக்கு?"

"என் வீட்டுக்காரர் அதோட இடத்துல இருக்கார்."

"அப்ப சொந்தம்தான்" என்று உள்ளே விட்டார்.

தூண் கேன்டீனில் இருந்தது. உட்கார்வதற்காக நடுவில் மடங்கியிருந்தது. சட்டைப் பொத்தான்களின் இடைவெளியில், அதன்மேல் செதுக்கியிருந்த நாட்டியப் பெண்ணின் முகம் எட்டிப் பார்த்தது. என்னைக் கண்டதும் தூண் எழுந்து நின்றது. மரியாதைக்காக இல்லை, நிற்பதுதான் அதற்கு வசதி என்று நினைத்தேன். ஆனால் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டது.

"கோவிச்சுக்காதீங்கக்கா. திரும்பி வந்துடணும்னுதான் ஒவ்வொரு வாரமும் நெனப்பேன். அதுக்குள்ள ஞாயித்துக்கிழம வந்துடும்."

"வந்தா என்ன?"

"அன்னைக்கு யாரும் எதையும் தாங்கச் சொல்றதில்ல. கட்டில்ல மல்லாந்து படுத்திருப்பேன்." அது குரலைத் தாழ்த்தியது. "படுத்துப் பாத்தா கூரை எவ்வளவு தூரத்துல இருக்குதுக்கா!"

வழியெல்லாம் நான் கோர்த்துக்கொண்டு வந்த கோபமான வார்த்தைகளை அப்படியே விட்டுவிட்டேன். இதைக் கூட்டிக்கொண்டு போய் மறுபடி கல்லுக்கு அடியில் நிறுத்த எனக்கு மனசு இல்லை. ஆனால் என் மனுஷனும் எனக்கு வேண்டும்.

"அவரு வீட்டுக்கு வரணும்" என்றேன். "வாரத்துல ஒரு நாளாவது."

தூண் நிதானமாக யோசித்தது. அதன் முன்னால் இருந்த டீ ஆறியது.

"அவரு மட்டும் நகர்ந்தா மண்டபம் விழும். மண்டபமும் கூடவே நகர்ந்தா எதுக்கு விழப்போவுது?"

"மண்டபம் நகருமா?"

"கூப்பிட்டா வரும். எங்கள இதுவரைக்கும் யாரும் வீட்டுக்குக் கூப்பிட்டதே இல்லக்கா. கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போறது?"

அது நியாயமாகப் பட்டது.

வெள்ளிக்கிழமை தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். கூப்பிடப் போகும்போது நாம் சரியாக இருக்க வேண்டும். முதல் தூணிலிருந்து தொடங்கினேன். குங்குமம் வைத்து, "ஞாயித்துக்கிழம நம்ம வீட்டுல சாப்பாடு, அவசியம் வந்துடணும்" என்றேன். பொதுவாக எல்லாரும் வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தால் மூலையில் நிற்பவை மனசில் வைத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். கூரைக் கல்லையும் அண்ணாந்து பார்த்துக் கூப்பிட்டேன். வௌவால்களைத் தனியாகக் கூப்பிடவில்லை. அவை எப்படியும் வரும்.

கடைசியில் என் கணவர் முன்னால் தட்டை நீட்டினேன்.

"என்னையுமா?" என்றார்.

"தூணுங்கள எல்லாம் கூப்பிடறேன். நீங்களும் தூணுதானே?"

அவர் வெற்றிலையை எடுத்தார். இடுப்புக்கு மேலே இன்னும் கல்லாகவில்லை. வெற்றிலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மும்தாஜ் அக்காவும் நானும் ஏணி போட்டு ஏறி, இரண்டு போர்ஷன் கூரை ஷீட்டுகளையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபம் புறப்பட்டது. ஸ்டேஷன் ரோட்டில் ஷேர் ஆட்டோக்கள் ஒதுங்கி வழிவிட்டன. ரயில்வே கேட் மூடியிருந்ததால் அங்கே கொஞ்சம் நின்றது. பைக்கில் வந்தவர்கள் நிழலுக்காக அதன் அடியில் நிறுத்திக்கொண்டார்கள்.

எங்கள் தெருவுக்குள் வந்ததும் தூண்கள் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தன. ஒன்று சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டு மும்தாஜ் அக்கா வாசலில் நின்றன. அவற்றுக்கு நடுவே கயிறு கட்டி அக்கா துணி காயப்போட்டார். என் கணவர் எங்கே நிற்பார் என்று எனக்குத் தெரியாது. அவர் இடம் தெருவில் விழலாம், எதிர்வீட்டுக் குளியலறையில்கூட விழலாம். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் முன்னறையில், டிவிக்குப் பக்கத்தில், நாங்கள் பாய் விரிக்கும் இடத்தில் வந்து நின்றார்.

இலை போட்டேன். தூண்கள் பாயசத்தை அவ்வளவாகத் தொடவில்லை. சாம்பார் நன்றாகப் போனது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, என் இலையை எடுத்துக்கொண்டு அவர் காலடியில், அவர்மேல் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். முதுகுக்குச் சில்லென்று இருந்தது.

அவர் சுவரையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழிலு, நான் இல்லாம வீடு கொஞ்சம் எறங்கித்தான் போயிருக்கு" என்றார்.

"கொஞ்சமா?" என்றேன்.

அவர் கையை நீட்டி என் தலைமேல் வைத்தார். சாப்பிட்ட கை. முடியில் சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டது. நான் எடுக்கவில்லை.

அதன் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வந்துகொண்டிருக்கிறார்கள். கோயிலுக்கு அன்று வருபவர்கள் வெயிலுக்குக் குடை கொண்டுவருகிறார்கள். குருக்களுக்கு இதில் வருத்தமில்லை. காற்றோட்டமாக இருக்கிறது என்கிறார். என் கணவருக்கு இப்போது கல் மார்புவரை வந்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கே வந்து சாப்பிட்டால் அதற்குமேல் ஏறாது என்று பக்கத்துத் தூண் சொன்னது. கல் விஷயத்தில் அதற்கு அனுபவம் உண்டு. நான் ஒரு வாரமும் தவறவிடுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து எல்லாரும் கண் அயர்ந்திருந்த நேரத்தில் தெரு முழுக்க நிழல் விழுந்தது. மழை வரப்போகிறதென்று மும்தாஜ் அக்கா துணிகளை எடுக்க ஓடினார். போனவர் மெதுவாகத் திரும்பி வந்தார்.

"கோபுரம் கூப்பிடாமலே வந்திருக்குது. தெரு குறுகலா இருக்கறதால முனையிலயே நிக்குது" என்றார். "அத்தன பேரு இருக்காங்களே அதுல, எல்லாருக்கும் டீ போட்டுடவா?"

"போடுங்க அக்கா. சர்க்கரை மட்டும் வேணாம். பொம்மைங்க வாயில எறும்பு வந்துடும்" என்றேன்.

அக்கா பெரிய அண்டாவைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். நான் ஏணியையும் டம்ளர்களையும் எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தேன்.